பாரில் கிடந்த அம்மி

தூத்துக்குடிக்குத் தெற்கே இருக்கும் அந்தக் கடற்கரை ஊருக்கு வரமாட்டேன் என்றுதான் அழகுராஜா முதலில் சொன்னார். நாற்பது வருஷத்துக்கு மேலாக அந்தப் பக்கம் அவர் தலைவைத்துப் படுத்ததில்லை. ஆனால் பழைய கூட்டாளி ஒலி முகம்மது விடுவதாக இல்லை. பேத்தி அர்ஷியாவின் நிக்காஹ் பத்திரிகையை அந்த ஊரில் நாலு வீட்டுக்கு வைக்க வேண்டும். முட்டி வலிக்காரர், தனியாகப் பஸ் ஏற முடியாது.

"ஏலே மாப்ள, நான் கூப்புட்டு நீ வராம இருந்தது ஒண்ணு ரெண்டுதான். இதுக்கும் வரலன்னா நல்லா இருக்காது பாத்துக்க."

"சரி மாமா, வாரேன்" என்றார் அழகுராஜா.

எம்.ரெட்டியபட்டியிலிருந்து ஷேர் ஆட்டோவில் அருப்புக்கோட்டை வந்து, பாளையம்பட்டியிலிருந்து வந்து காத்திருந்த ஒலி முகம்மதுவோடு பஸ் ஏறினார். மூன்று வீட்டில் பத்திரிகை வைத்து முடிக்கும்போது மணி பன்னிரண்டு. நாலாவது வீட்டுக்காரர்கள் ஏதோ விசேஷத்துக்குப் போயிருந்தார்கள், நாலு மணிக்குத்தான் வருவார்களாம். வெயில் மண்டையைப் பிளந்தது. கடற்கரைச் சாலையில் புதிதாகச் சுண்ணாம்பு பூசிய ஒரு கட்டடம். மூழ்கிய கப்பல்களிலிருந்து எடுத்த பழம்பொருட்களின் காட்சிக்கூடம் என்று போர்டு தொங்கியது. வாசலில் நின்றபோதே உள்ளேயிருந்து ஏசிக் காற்று காலில் பட்டது.

"உள்ள போயி உக்காருவோம். கப்பலாம்ல, நம்ம பாக்காத கப்பலா?" என்று சிரித்துக்கொண்டே ஒலி முகம்மது டிக்கெட் எடுத்தார்.

முதல் கூடத்தில் ஒரு நங்கூரம் கிடந்தது. வண்டிமாட்டு ஜோடியை நிறுத்தினாற்போல அவ்வளவு பெரிது. துரு தின்று தின்று இரும்பு அடுக்கு அடுக்காக உரிந்திருந்தது. அடுத்த கூடத்தில் வாய் உடைந்த ஜாடிகள், அவற்றின் வயிற்றில் சிப்பியும் பவளமும் அப்பிப் பிடித்திருந்தன. ஈயக் கட்டிகள், துப்பாக்கிக் குண்டுகள், கறுத்துப்போன இரண்டு யானைத் தந்தங்கள். ஒலி முகம்மது ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று வாய்விட்டுப் படித்தார். அழகுராஜா படிக்கவில்லை. அந்தக் கூடம் முழுக்க ஒரு வாடை இருந்தது. ஈரக் கயிறு, பாசி, பழைய மரம். அது நிஜமாகவே அங்கே இருந்ததா, தன் மூக்குக்குள்தான் இருந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை.

மூன்றாவது கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நின்றவர், அதற்கப்புறம் நகரவில்லை.

"மாமா, இங்க வாங்க."

"என்னலே?"

"இது எங்க ஆத்தா அம்மி."

ஒலி முகம்மது குனிந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அட்டையைப் படித்தார். அம்மிக்கல். கருங்கல். பதினெட்டாம் நூற்றாண்டு. பவளப்பாரில் மோதி மூழ்கிய வணிகக் கப்பலின் சமையலறையைச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது.

"உங்க ஆத்தாளுக்கு முந்நூறு வயசாலே?"

"சிரிக்காதீக மாமா. குழிவைப் பாருங்க. ஒரு பக்கமாச் சாஞ்சிருக்கா? எங்க ஆத்தா இடக்கைக்காரி. இந்த மூலை சில்லு, நம்ம தோணித் தண்டல் வீட்டு வாசப்படியில நான் இறக்கி வைக்கயில தெறிச்சது. நீங்கதானே கூட நின்னீக."

ஒலி முகம்மதுவின் சிரிப்பு நின்றது. அவர் கண்ணாடியில் நெற்றி முட்டப் பார்த்தார்.

"யா அல்லா" என்றார் மெதுவாக.

அழகுராஜாவுக்கு அப்போது பதினெட்டு வயசு. மழை பொய்த்து, பருத்தி கருகி, மூன்று அண்ணன் தம்பிகளுக்கும் காட்டில் வேலை இல்லாமல் போன வருஷம். ஒலி முகம்மது அவருக்கு முன்பே தூத்துக்குடித் தோணியில் கப்பலாளாக இருந்தார். கொழும்புக்கு வெங்காயமும் வத்தலும் ஏற்றிப்போகும் பாய்மரத் தோணி, 'ஆரோக்கிய ஜோதி' என்று பெயர். அதை ஓட்டிய தண்டல் கஸ்பாரிடம் சொல்லி, ஊர்க்காரப் பையனைச் சமையலுக்குச் சேர்த்துவிட்டார். கடலையே பார்த்திராதவன் ஒரே மாசத்தில் ஆடுகிற தளத்தில் சோறு வடிக்கக் கற்றுக்கொண்டான். குமட்டல் நின்றது. கால் பழகியது. அதற்கப்புறம் அவனுக்குக் கரை பிடிக்கவில்லை. பொழுது சாயும் நேரம் பாய் முழுக்கக் காற்றுப் பிடித்துத் தோணி ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும்போது, அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு ஏழு பேருக்குக் குழம்பு கூட்டுவதைப்போல ஒரு சுகத்தை அவன் அதற்கு முன்னும் அறிந்ததில்லை, பின்னும் அறிந்ததில்லை.

ஒருநாள் சரக்கு ஏற்றும்போது மூடை சரிந்து தோணியின் அம்மி இரண்டாக உடைந்தது. புதிதாக ஒன்று வாங்கிக்கொள் என்றார் தண்டல். பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன் அதைச் சொன்னதும் அவன் ஆத்தா பெத்தம்மாள் எழுந்துபோய்த் தன் அம்மியை நிமிர்த்தி வைத்தாள்.

"கடை அம்மி ஆறு மாசத்துக்கு மண்ணு உதுக்கும். ஏழு பேரு வயித்துக்குள்ள கல்லுத்தூளா போகணும்? இது பழகுன கல்லு, கொண்டு போ. நான் பின்னால வாங்கிக்கிறேன்."

அவன் அதைச் சாக்கில் சுற்றித் தலைச்சுமையாகக் கொண்டுபோனான்.

இத்தனையும் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் வந்து போயிற்று. அழகுராஜா ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று தேடினார். ஒலி முகம்மது கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் மாப்ள. இது எவ்வளவு பெரிய பெருமை. ராசா வீட்டுச் சாமான் மாதிரி வெளக்குப் போட்டு வச்சிருக்காக. உள்ளதச் சொன்னா எடுத்துக் கொல்லையில போட்டுருவாக. உங்க ஆத்தா முந்நூறு வருசத்துக் கிழவியாவே இருந்துட்டுப் போகட்டுமே."

அதுவும் சரி என்றுதான் அழகுராஜாவுக்குப் பட்டது. அடுத்த கூடம் வரைக்கும் நடந்துவிட்டார். அப்போது ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக வந்து அந்தப் பெட்டியைச் சூழ்ந்து நோட்டில் எழுதத் தொடங்கினார்கள். இரட்டைச் சடைப் பிள்ளை ஒருத்தி டீச்சரிடம் கேட்டாள். "மிஸ், இதுல அரைச்சது வெள்ளைக்காரங்களா?"

"இருக்கலாம், எழுதிக்கோ" என்றார் டீச்சர்.

அழகுராஜாவுக்கு அதைத் தாங்க முடியவில்லை. திரும்பி நடந்தார்.

அங்கே பொறுப்பில் இருந்தது ரோஷினி என்ற பெண். முப்பது வயசுக்குள் இருக்கும். கழுத்தில் அட்டை தொங்க, மேசை நிறைய உடைந்த ஓடுகளைப் பரப்பி நம்பர் எழுதிக்கொண்டிருந்தாள். வேட்டி கட்டிய இரண்டு பெரியவர்கள் வந்து நின்றதும் கழிப்பறை கேட்கிறார்கள் என்று நினைத்து வழியைக் காட்டினாள்.

"அது இல்லம்மா. அந்த அம்மி எங்க வீட்டுது" என்றார் அழகுராஜா.

அவள் பொறுமையாகச் சிரித்தாள். "ஐயா, எல்லா அம்மியும் ஒரே மாதிரிதான் இருக்கும். இது கடலுக்குள்ள எட்டு மீட்டர் ஆழத்துல எடுத்தது."

"தெரியும்மா. நாங்கதான் அங்க போட்டுட்டு வந்தோம்."

சிரிப்பு மாறாமல் அவள் ஒலி முகம்மதுவைப் பார்த்தாள், இவரைக் கொஞ்சம் கூட்டிப் போங்களேன் என்கிற மாதிரி. அழகுராஜா நிதானமாகச் சொன்னார்.

"நீங்க மேப்பக்கத்தத்தான் காட்டி வச்சிருக்கீக. அடிப்பக்கம் மூணு கோடு கொத்தியிருக்கும். அது பக்கத்துல ஒரு சுழி. இருக்கா இல்லையான்னு பாத்துட்டுச் சொல்லுங்கம்மா. இல்லன்னா நாங்க பேசாமப் போயிடுறோம்."

ரோஷினி கையிலிருந்த பேனாவை மூடினாள். பிறகு கம்ப்யூட்டரைத் திருப்பி ஒரு படத்தைத் திறந்து காட்டினாள். கல்லின் அடிப்பக்கம். மூன்று கோடு, ஒரு சுழி. சுழியின் பாதியில் பவளம் வளர்ந்திருந்தது.

"இந்தப் படத்த நாங்க எங்கயும் வெளியிடல" என்றாள். "வணிகக் குழுவோட சின்னமா இருக்கலாம்னு நான்தான் குறிப்பு எழுதினேன். ரெண்டு வருஷமா இதே மாதிரி இன்னொரு சின்னம் தேடிட்டு இருக்கேன்." சொல்லிவிட்டு முகத்தைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டாள். "உக்காருங்கய்யா. என்ன சின்னம் இது?"

"எங்க ஆத்தாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. விசேஷத்துக்குப் பாத்திரம் பண்டம் இரவல் போகும்ல, கலந்துரும். அதுக்குத் தன் சாமான் எல்லாத்துலயும் இந்த அடையாளம் போட்டுருவா. அம்மி கொத்துற ஆள் வந்தப்ப இதுலயும் கொத்தச் சொன்னா. மூணு கோடு நாங்க மூணு பேரு." அழகுராஜா திரையில் சுழியின்மேல் விரலை வைத்தார். "சுழி, பொறந்து பதினோராம் நாள் போன ஒரு பொட்டப்பிள்ள."

டீ வந்தது. ரோஷினி நோட்டை எடுத்தாள். அந்தப் பவளப்பாரில் ஒரு கப்பல் இல்லை, வெவ்வேறு காலத்தில் முட்டி முங்கியவை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன, அதனால்தான் பழைய கப்பலின் சாமான்களோடு அம்மியும் சேர்ந்து வந்திருக்கிறது என்று விளக்கினாள். பிறகு, "குழவி மட்டும் கிடைக்கவே இல்ல. ரொம்பத் தேடினோம்" என்றாள்.

நண்பர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அது அங்க கெடைக்காதும்மா" என்றார் ஒலி முகம்மது. "நான் சொல்றேன் கேளுங்க. எம்பத்தொண்ணு, ஐப்பசி மாசம். கொழும்புக்குப் பாதி வழி போயிட்டோம். காத்து மாறிருச்சு. பாய் கிழிஞ்சு ரெண்டு நாள் எங்களத் திருப்பித் தள்ளிக்கிட்டே வந்துச்சு. மூணாம் நாள் விடிஞ்சு வெளிச்சம் வந்தப்ப பாருல மோதினோம். தண்ணி சரசரன்னு ஏறுது. சின்ன வள்ளத்த எறக்கணும். அதக் கட்டிவச்ச கட்டைக்கு அடிச்ச ஆப்பு ஈரத்துல ஊறி அசைய மாட்டேங்குது. நான் கைய வச்சு இழுக்குறேன், தண்டல் காலால ஒதைக்கிறாரு, ஒண்ணும் ஆகல. இவன் அடுப்படிக்குள்ள ஓடினான். இடுப்பளவு தண்ணி. சோத்துப் பானைய எடுக்கப் போறான் கிறுக்கன்னு நெனச்சேன். குழவியத் தூக்கிட்டு வாரான்! நாலு அடி. ஆப்பு தெறிச்சுருச்சு. ஏழு பேரும் வள்ளத்துல விழுந்தோம்."

"குழவி?"

"இவன் மடியிலயே வச்சிருந்தான். வள்ளத்துல தண்ணி ஏற ஏற, பாரத்தக் கொறைக்கணும்னு தண்டல் சொன்னாரு. இவன் விட மாட்டேன்னுட்டான். நான்தான் பிடுங்கிக் கடல்ல போட்டேன்." ஒலி முகம்மது நண்பரைப் பார்க்காமலே சொன்னார். "அன்னைக்கு மத்தியானம் மீன்பிடிக்கப் போனவுக வந்து எங்களத் தூக்குற வரைக்கும் இவன் என்கூடப் பேசல."

ரோஷினி எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

நாலாவது வீட்டுப் பத்திரிகையை வைத்துவிட்டு அவர்கள் பஸ் ஏறும்போது பொழுது சாய்ந்துவிட்டது. புறப்படுமுன் ரோஷினி ஒன்று சொல்லியிருந்தாள். இது பழம்பொருள் இல்லை என்று ஆகிவிட்டதால் மேலே எழுதிக் கேட்பதாகவும், அனேகமாக அவரே வாங்கிக்கொண்டு போகலாம் என்றும், யோசித்துச் சொல்லும்படியும். அழகுராஜா யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டிய வேறு ஒன்று அவருக்கு வீட்டில் இருந்தது.

தோணி முங்கி, யாரோ கொடுத்த சட்டையோடு அவர் ஊர் திரும்பிய அன்று பெத்தம்மாள் அம்மியைப் பற்றிக் கேட்கவே இல்லை. மகனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தன் தலையில் அவன் கையை வைத்துச் சத்தியம் வாங்கினாள். இனிமேல் கடலுக்குப் போகக் கூடாது. போனதையும் பேசக் கூடாது. கப்பலுக்குப் போனவன் என்று தெரிந்தால் யார் பெண் கொடுப்பார்கள்? மகன் இரண்டரை வருஷம் தூத்துக்குடி உப்பளத்தில் இருந்தான் என்று ஊருக்குச் சொன்னாள். அண்ணன் தம்பிகளும் அதையே சொன்னார்கள். ஒலி முகம்மது சவுதிக்குப் போய்விட்டதால் மறுத்துச் சொல்லவும் ஆள் இல்லை. அஞ்சு வருஷம் கழித்துத் தங்கச்செல்வியைக் கட்டி வைத்தாள். அந்தப் பேச்சு அப்படியே நின்றுபோனது. ஆத்தா செத்தும் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது.

மறுநாள் காலையில் தங்கச்செல்வி பின்வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே குத்துக்கல்லில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். முழுக்கக் கேட்டாள். கை மட்டும் கீரையில் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப உப்பளம் பொய்யா?"

"ஆமா."

"அம்மி ஒடஞ்சு போச்சுன்னு அத்த சொன்னது?"

"அதுவுந்தான்."

அவள் கீரையை முறத்தில் தட்டிவிட்டு நிமிர்ந்தாள். "நான் இந்த வீட்டுக்கு வந்து ரெண்டு வருசம் மாயக்கா வீட்டு அம்மியில போயி அரைச்சேன். புதுப்பொண்ணு, கழுத்துல மஞ்சக் கயிறு ஈரம் காயல, கிண்ணத்தத் தூக்கிட்டு அடுத்த வீட்டு வாசல்ல போயி நிப்பேன். அவுக அரைச்சு முடிக்கிற வரைக்கும் நிக்கணும். ஒரு அம்மிக்கு வக்கில்லாத வீட்டுலயா குடுத்தாகன்னு எங்கூட்டு ஆளுக என்னையக் கேட்டாக. வாங்குங்க அத்தன்னு நானும் எத்தன தடவ சொல்லிருப்பேன்! பாப்போம் பாப்போம்னே ஓட்டுனாக. கடசியில எங்கய்யாகிட்ட அழுது நான்தான் ஒண்ணு கொண்டாந்தேன். அத்தைய எவ்வளவு கேவலமா நெனச்சிருக்கேன் தெரியுமா? கஞ்சம்னு. வாய்விட்டே சொல்லியிருக்கேன். சொன்னப்ப பக்கத்துலதானே இருந்தீக? வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்ல என்ன?"

"சத்தியம் வாங்கிட்டாளே."

"அவுக போயி பன்னெண்டு வருசமாச்சு. இன்னுமா சத்தியம்?"

ஆத்தா ஏன் வேறு அம்மி வாங்கவில்லை என்று அவரும் கேட்டதில்லை. வாங்க முடியாத அளவுக்கு அப்போது வீட்டில் ஒன்றும் கஷ்டமில்லை. ஏழு பேரைக் காப்பாற்றியதற்கு ஈடாக அந்த இடம் காலியாகவே இருக்கட்டும் என்று நினைத்தாளோ, கடல்காரன் கொண்டுபோன பொருள் எப்படியும் திரும்பி வரும் என்று நினைத்தாளோ. யாருக்குத் தெரியும்?

இரண்டு நாள் தங்கச்செல்வி தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. மூன்றாம் நாள் சோறு போடும்போது, "அந்த அம்மிய நான் பாக்கணும்" என்றாள்.

அடுத்த வியாழக்கிழமை இருவரும் போனார்கள். ரோஷினி வாசலுக்கே வந்து கூட்டிப் போனாள். அம்மி இப்போது பெட்டிக்குள் இல்லை. ஆபீஸ் அறையில் ஒரு பலகைமேல் இருந்தது. தங்கச்செல்வி அதைச் சுற்றி வந்தாள்.

"தொட்டுப் பாக்கலாமாம்மா?"

"உங்களோடதுதாங்க, தொடுங்க."

தங்கச்செல்வி வலது கையைக் குழிவில் வைத்து, அரைக்கிற மாதிரி முன்னும் பின்னும் ஓட்டினாள். கை தடம் மாறி வழுக்கியது. யோசித்து இடது கையை வைத்தாள். கல் அதை வாங்கிக்கொண்டது. அப்படியே கொஞ்சநேரம் கையை எடுக்காமல் நின்றாள்.

"கொண்டு போயிருவமா?" என்று அழகுராஜா மெதுவாகக் கேட்டார். "சொமக்க நான் இருக்கேன்."

"எதுக்கு? அத்த இதக் கப்பலுக்குன்னுதானே குடுத்தாக." அவள் ரோஷினி பக்கம் திரும்பினாள். "கப்பல் சாமானோடயே இருக்கட்டும்மா. ஆனா முந்நூறு வருசம்னு போடாதீக. எங்க அத்த பேரப் போடுங்க. பெத்தம்மாள், எம்.ரெட்டியபட்டி."

தோணிகளுக்கென்று தனியாக ஒரு பெட்டி வைக்கப்போவதாக ரோஷினி சொன்னாள். அதில் தோணியின் பெயர், வருஷம், அம்மியின் கதை, கூடவே அன்று தப்பிய ஏழு பேரின் பெயரும் இருக்க வேண்டும் என்று கேட்டாள். அழகுராஜா விரல் விட்டு எண்ணினார். தண்டல் கஸ்பார். அவர் மச்சான் ஒருவர். பாய் கட்டுகிற இரண்டு பேர். ஒலி முகம்மது, தான். ஆறு பேர் வந்தார்கள். ஏழாவது ஆள், தண்ணீர் இறைக்கிறவர், முகம் நினைவிருக்கிறது, வெற்றிலை போட்ட பல்லும் நினைவிருக்கிறது, பெயர் வரவில்லை. ஒலி முகம்மதுவுக்குப் போன் போட்டார்.

"மணப்பாட்டுக்காரரு மாப்ள" என்றார் அவர் எதிர்முனையில்.

"அது ஊரு மாமா. பேரு?"

"நாம அவர மணப்பாடுன்னுதானே கூப்புடுவோம்" என்றார் ஒலி முகம்மது கடைசியில்.

அப்படியே எழுதிக்கொண்டாள் ரோஷினி.

வெளியே வந்ததும் கடல் எதிரிலேயே கிடந்தது. தங்கச்செல்வி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் இறங்கிவிட்டாள். அவர் சாலையிலேயே நின்றார். அவள் திரும்பிப் பார்த்து, வாங்க என்று கூப்பிடவில்லை, நின்றாள் அவ்வளவுதான். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். முதல் அலை காலில் ஏறி இறங்கி, பாதத்துக்கடியிலிருந்த மணலை உருவிக்கொண்டு போனபோது அவருடைய கால்கள் தாமாகவே அகன்று ஊன்றிக்கொண்டன. அதைப் பார்த்துத் தங்கச்செல்வி சிரித்தாள்.

"கப்பல்ல இப்பிடித்தான் நிப்பீகளா?"

"இப்பிடித்தான்."

தூத்துக்குடியில் பஸ் மாறி, ஜன்னலோரம் அவளை உட்கார வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். பஸ் கிளம்பிப் புழுதிக் காற்று முகத்தில் அடித்தது. வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"ஏங்க, கப்பல்ல என்ன கொழம்பு வச்சீக?"

அவர் சொல்ல ஆரம்பித்தார். தண்டலுக்குப் புளி ஆகாது, மணப்பாட்டுக்காரருக்குப் புளி இல்லாமல் இறங்காது, இரண்டு பேருக்கும் நடுவே தான் பட்ட பாடு. காற்று அதிகமான நாளில் சட்டியைக் கால் இடுக்கில் பிடித்துக்கொண்டு தாளித்தது. விடியற்காலம் தோணியோடு கூடவே ஓடிவந்த ஓங்கில்கள் என்கிற டால்பின்கள். முதன்முதலாகக் கொழும்பில் இறங்கியபோது தரை ஆடுகிற மாதிரி இருந்ததும், ஒலி முகம்மது கையைப் பிடித்துக்கொண்டு சந்தைக்குக் கூட்டிப்போனதும். அவள் நடுநடுவே "அப்புறம்?" என்றாள். பஸ் எட்டயபுரம் தாண்டியபோது அவர் இன்னும் கொழும்புத் துறைமுகத்தைவிட்டுக் கிளம்பியிருக்கவில்லை.